கண்ணை மூடாத பெட்டி

ஒருத்தியை ஒருநாள் ஏணி என்று கூப்பிட்டால் அது கேலி. பதினேழு வருஷம் ஊரே அப்படிக் கூப்பிட்டால் அதுதான் பெயர்.

நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினார். "கம்பத்துல ஏறுறதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? உக்காந்து பதிவேடு எழுது. எந்தத் தெருவுல எந்த விளக்கு எரியலைன்னு ஜனங்க வந்து சொல்லுவாங்க. எழுதி வச்சா போதும்."

இரண்டு நாள் எழுதினாள். மூன்றாம் நாள் காலை, தன் கையால் எழுதிய பதினொரு எரியாத விளக்குகளையும் ஒரு துண்டுத் தாளில் பெயர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்திருந்த அலுமினிய ஏணியைத் தோளில் தூக்கினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது பதினொன்றும் எரிந்துகொண்டிருந்தன. "ஏணி வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா" என்று யாரோ சொல்ல, அலுவலகமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் நாற்காலிக்குத் திரும்பவில்லை. பெயரையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவளுடைய வேலையில் பாதி, கண்களோடு செய்யும் வேலை. ஒவ்வொரு தெருவிளக்குக்கும் தலைமேல் ஒரு சின்னக் கண் உண்டு. தெளிந்த பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில், வெளிச்சத்தை உணர்கிற ஒரு வில்லை. பகல் வெளிச்சம் அதில் பட்டுக்கொண்டிருக்கும்வரை விளக்கு தூங்கும். இருட்டினால் விழிக்கும். பட்டப்பகலில் விளக்கைச் சோதிக்க வேண்டுமானால் ஏணியில் ஏறி அந்தக் கண்ணைக் கையால் பொத்த வேண்டும். அது ராத்திரி வந்துவிட்டது என்று நம்பி ஏமாந்து, நாலைந்து விநாடியில் விளக்கை ஏற்றிவிடும். சிலர் கை வலிக்கிறதென்று கறுப்பு டேப்பை ஒட்டிச் சோதிப்பார்கள். பிறகு டேப்பை எடுக்க மறந்து இறங்கிவிடுவார்கள். அந்த விளக்கு ராப்பகலாய் எரியும். அதனால்தான் முதல் வாரமே மேற்பார்வையாளர் ஒரு பாடத்தை அவள் மண்டையில் ஆணியாக அடித்திருந்தார்: "எதை மறந்தாலும் மற, கண்ணை மூடிட்டு மட்டும் இறங்காதே." பதினேழு வருஷமாக அவள் எந்தக் கண்ணையும் மூடிவிட்டு இறங்கியதில்லை. இறங்குவதற்கு முன் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் இறங்குவாள். குழந்தைக்கு முகம் துடைப்பதைப் போல.

வேலை போக, மீதி உயிர் கிடாரில் இருந்தது. படித்த காலத்தில், தொழிற்பயிற்சி விடுதியின் சாமான் அறையில், மூன்று கம்பி அறுந்து, கழுத்து கோணிக் கிடந்த ஒன்றை எடுத்துப் பழுது பார்த்தாள். பழுது பார்த்ததைச் சோதிக்க வேண்டுமே என்று வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு எல்லாமே அந்த வரிசையில்தான் வந்தது.

நகராட்சி ஊழியர்களுக்கு ஓர் இசைக்குழு இருந்தது. நீரேற்று நிலையத்து மோட்டார்களை ஓட்டுகிறவர்தான் அதன் தலைவர், டிரம்ஸ் வாசிப்பார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். குழுவின் கச்சேரி எதுவானாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். வார்த்தை இல்லாத மூன்று நிமிஷ இசை. அதற்கு 'முதல் பாட்டு' என்றே பெயர். அது கிடாருடைய பாட்டு. பதினொரு வருஷமாக அவளுடைய பாட்டு.

அந்தப் பாட்டின் உயிர் நடுக்கத்தில் இருந்தது. நீரேற்று நிலையத்து மாடியில், மூன்று பேர் முக்கித் தூக்க வேண்டிய கனத்தில், வால்வு வைத்த பழைய ஆம்பிளிஃபயர் ஒன்று கிடந்தது. கிழவன் என்று அதற்குப் பெயர். கிழவனின் நெற்றியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் நீட்டி நிற்கும் கிடார் ஒலி ஏறி இறங்கத் தொடங்கும். மின்விசிறி வெட்டுவது போன்ற வெட்டு அல்ல. ஏறும்போது சட்டென்று ஏறும். இறங்கும்போது கொஞ்சம் தயங்கி இறங்கும். ஆற்றுத் தண்ணீரில் விழுந்து கிடக்கிற விளக்கைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல.

போன மழையில் கூரை ஒழுகிக் கிழவன் செத்துப்போனான். மின்மாற்றி கருகி நாற்றம் எடுத்தது. சரிசெய்ய முடியாது என்று ஏணியே கைவிரித்தாள். அதற்குப் பிறகு நடந்த இரண்டு கச்சேரியிலும் முதல் பாட்டை வாசித்தது அவள் அல்ல. வரிவசூல் பிரிவில் புதிதாகச் சேர்ந்து, குழுவிலும் புதிதாகச் சேர்ந்திருந்த கீபோர்டுக்காரன். அவன் எதற்கும் ஒரு பொத்தானை அமுக்குவான் என்பதால் அவனுக்குப் பட்டன் என்று பெயர் வைத்தவள் அவள்தான். கிடார் வேண்டுமா, ஒரு பட்டன். நடுங்குகிற கிடார் வேண்டுமா, அதற்கடுத்த பட்டன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றான் இரண்டாவது கச்சேரி முடிந்து ஒயர் சுற்றும்போது. "உங்க கிடார் இப்ப நேரா நிக்குது. கம்பம் மாதிரி. அந்தப் பாட்டுக்கு அது ஒத்து வராது."

"கம்பத்துல ஏறுறவளுக்கே கம்பத்தைப் பத்திச் சொல்றியா தம்பி?"

"ஆடத் தெரியாதவங்களுக்குக் கூடம் கோணல்னு நான் சொல்லலையே."

"இப்ப சொல்லிட்டியே."

மாஸ்டர் நடுவில் புகுந்தார். "கடையில அதுக்குன்னே காலால மிதிக்கிற பெட்டி விக்கிதாமே. ஒண்ணு வாங்கிடும்மா. ஆறு வாரத்துல புதுக் கட்டடத் திறப்பு விழா."

அவள் அப்படி ஒரு பெட்டியை இரவல் வாங்கி ஏற்கெனவே வாசித்துப் பார்த்திருந்தாள். நன்றாகத்தான் நடுங்கியது. ஆனால் தையல் மெஷின்போல, ஒரே சீராக, மனசே இல்லாமல். "கடைப் பெட்டி வேணாம் மாஸ்டர். நானே செய்றேன்."

பட்டன் சிரிப்பை அடக்க இருமினான். மாஸ்டர் அடக்கவில்லை. "பெடலையா? வீட்டுலயா?"

"பின்னே, தெருவுலயா?"

"சரி. அடுத்த மாசக் கடைசி சனிக்கிழமை ஒத்திகை. அன்னைக்கு நடுங்குச்சுன்னா பாட்டு உனக்கு. இல்லைன்னா இனிமே அது பட்டனோடது. அப்புறம் என்கிட்ட வந்து மல்லுக்கு நிக்கக் கூடாது."

கிழவனின் முதுகுப் பலகையைக் கழற்றினால் உட்புறம் ஒரு பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். அதன் உறுப்புகளின் வரைபடம். அதைக் கைபேசியில் படம் எடுத்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பென்சிலால் பெரிதாக வரைந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிழவனின் நடுக்கத்துக்குக் காரணம் ஒரு குட்டி விளக்கும் ஒரு குட்டிக் கண்ணும். விளக்கு மினுக்கும், எதிரே இருக்கிற கண் அதைப் பார்க்கும். வெளிச்சம் பட்டால் கண் ஒலிக்கு வழி விடும். வெளிச்சம் குறைந்தால் வழியை அடைக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். கண் வெளிச்சத்துக்குச் சட்டென்று விழித்து, இருட்டுக்கு மெதுவாகப் பழகும் என்பதால்தான் அந்தத் தயக்கம். பதினேழு வருஷம் கம்பத்தின் உச்சியில் துடைத்த அதே கண், பதினொரு வருஷம் காலடியில் இருந்து தனக்காக வாசித்திருக்கிறது.

"என்னங்க, இங்க பாருங்களேன்" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

கணவன் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். கத்தரிக்கு ஓய்வு கொடுத்தாலும் வாய்க்குக் கொடுக்காதவர். பென்சில் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "எறும்பு ஊர்வலம் போன மாதிரி இருக்கு. இதுல நான் என்ன பார்க்கணும்?"

"தெருவிளக்குச் சென்சார்தாங்க இது. எங்க சாமான் கிடங்குல ஒடஞ்சது ஒரு கூடை கிடக்கு."

"ஆபீஸ் சாமானைக் கொண்டாந்து என்னை ஜெயிலுக்குச் சாப்பாடு தூக்க வச்சிடாதே."

"கழிச்சுப் போட்டது. கிடங்குக்காரரே 'தலைவலி ஒழிஞ்சுது, கூடையோட எடுத்துட்டுப் போம்மா'ன்னுதான் சொல்லுவாரு."

கிடங்குக்காரர் அப்படியே சொன்னார். கூடையையும் கொடுத்தார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கு இல்லாமல் போனது. கணவன் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். வால்வு இருந்த இடத்தில் செத்த ரேடியோவிலிருந்து பிடுங்கிய டிரான்சிஸ்டர்; சுவர் மின்சாரம் இருந்த இடத்தில் ஒன்பது வோல்ட் பேட்டரி; குட்டி விளக்குக்குப் பழைய டார்ச்சிலிருந்து எடுத்த எல்.இ.டி. பெட்டிக்கு, கம்பத்தின் அடியில் ஒயர்கள் சேரும் அலுமினியப் பெட்டி ஒன்று கிடைத்தது. துருப்பிடிக்காது, யானை மிதித்தாலும் நசுங்காது. பழுப்புத் தாளின் ஒரு மூலையைக் கரப்பான் தின்றிருந்தது. தின்றதுதான் தின்றது, நடுக்கத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிற கபாசிட்டரின் அளவு எழுதியிருந்த மூலையாகப் பார்த்துத் தின்றிருந்தது. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றைப் பற்றவைத்தால் நத்தைபோல ஊர்ந்தது. இன்னொன்றை வைத்தால் குளிர்காய்ச்சல்காரன் பல்லைப்போல அடித்துக்கொண்டது. ஒன்பதாவது கபாசிட்டரில் கிழவன் மூச்சுவிட்டான்.

கூடவே ஒரு 'டிக்'கும் வந்தது. விளக்கு ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் ஸ்பீக்கரில் டிக், டிக்.

கீழ்வீட்டில் நாத்தனார் இருந்தாள். கணவனின் அக்கா, தையல்காரி. மூன்றாம் நாள் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள். "என்னடியம்மா மேல? கடிகாரத்தை அடிச்சுத் துவைக்கிறியா? நான் தைக்கிறதா, உன் டிக்டிக்கை எண்ணுறதா?"

"நாலு நாள் பொறுத்துக்கங்க அண்ணி."

"நேத்தும் நாலுன்னுதான் சொன்னே. நாளு நகருதா இல்லை உன்னை மாதிரி அங்கேயே நிக்குதா?"

அதற்குத்தான் ஏணி ஜன்னல்களை இறுக மூடி, மேலே இரண்டு மெத்தைப் போர்வைகளைத் தொங்கவிட்டாள். சத்தம் கீழே போகாமல் இருக்கட்டும் என்று. அறை குகைபோல இருந்தது. வேலை விட்டு வந்து அந்தக் குகைக்குள் உட்கார்ந்து, விளக்கின் தரை ஒயரையும் ஒலியின் தரை ஒயரையும் பிரித்துத் தனித்தனி வழியில் விட்டபிறகு டிக் ஒழிந்தது.

கண்ணை எங்கே பொருத்துவது என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. கை தானாகவே செய்தது. பெட்டியின் மூடியில் வட்டமாக ஓட்டை போட்டு, கண்ணை அதன் தெளிந்த பிளாஸ்டிக் தொப்பியோடு வெளியே தெரிகிற மாதிரி வைத்து, எல்.இ.டி.யின் கால்களை வளைத்துத் தொப்பிக்குள்ளேயே கண்ணுக்கு எதிரில் நிறுத்தினாள். திருகாணி முடுக்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்தாள். பேட்டரி கொடுத்ததும் தொப்பி மின்மினியைப்போல மூச்சுவிட்டது. கிடாரை எடுத்து ஒரு கம்பியை மீட்டினாள். ஒலி தண்ணீரில் விழுந்தது.

கணவன் வாயில் இருந்த கவளத்தை விழுங்காமல் கேட்டார்.

ஒத்திகை நீரேற்று நிலையத்து மாடியில், பிற்பகல் மூன்று மணிக்கு. மூன்று பக்கமும் ஆளுயர ஜன்னல். மோட்டார் சூடு வெளியேற எல்லாம் எப்போதும் திறந்தே இருக்கும். ஏணி பெட்டியைத் துணிப்பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"கம்பத்தோட பாதத்தைப் பேத்துக் கொண்டாந்துட்டீங்களாக்கா?" என்றான் பட்டன்.

"வாசிச்ச பிறகு சிரி."

வாசித்தாள். நேராக நின்றது. கம்பம் மாதிரி. ஒயரை உருவிச் செருகினாள். பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தாள், சுரீரென்றது. திருகைக் கடைசிவரை திருப்பினாள். ஒலி அசையவே இல்லை.

"வீட்டுல வேலை செஞ்சுது மாஸ்டர்."

"எல்லா வண்டியும் வீட்டு வாசல்ல நல்லாத்தாம்மா ஓடும்." மாஸ்டர் சொன்னதில் கேலி இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. "பேச்சு பேச்சுதான். முதல் பாட்டு பட்டனுக்கு. நீ ரெண்டாவது பாட்டுலேர்ந்து தாளத்துக்கு வாசி."

பட்டன் பொத்தானை அமுக்கினான். அவளுடைய பாட்டு, அவள் எதிரிலேயே, தையல் மெஷினில் ஓடியது. அவள் ஒயரைச் சுற்றியபடி முழுவதையும் கேட்டாள். பாதியில் எழுந்து போகவில்லை. போனால் அவன் ஜெயித்ததாகிவிடும்.

வீட்டுக்கு வந்து, போர்வை தொங்கும் அறையில், மேசைமீது வைத்து மீட்டினாள். கழுதை, அழகாக நடுங்கியது.

"மாமியார் வீட்டுல வாயைத் தொறக்காத மருமக மாதிரி இருக்கே" என்றார் கணவன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, நான் ஒண்ணும் சொல்லலை" என்று தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஞாயிறு முழுவதும் ஒவ்வொரு பற்றையும் உருக்கி மறுபடி பற்றவைத்தாள். குகைக்குள் அது ஒவ்வொரு தடவையும் வேலை செய்தது. பழுது இருந்தால் பார்த்துவிடலாம். பழுதே இல்லாததை என்ன செய்வது?

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத் தெருமுனைக் கம்பத்தில் ஏறினாள். எரியவில்லை என்று புகார். பல்பை மாற்றினாள். வெயில் முதுகில் அறைந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை செய்ததைச் செய்தாள்: உள்ளங்கையால் கண்ணைப் பொத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விளக்கு எரிந்தது. கையை எடுத்தாள். அணைந்தது.

மறுபடி பொத்தினாள். மறுபடி எடுத்தாள்.

"அடிப்பாவி" என்று ஏணியின் உச்சியில் நின்றபடி உரக்கச் சொன்னாள். கீழே ஏணியைப் பிடித்திருந்த சக ஊழியர் பதறிப்போனார். "என்னக்கா, ஷாக்கா?"

"ஆமாம்யா. பதினேழு வருஷ ஷாக்கு."

ஊரில் ஆயிரம் பேர் பெடல் செய்யட்டும், ஒருத்தரும் செய்யாத தப்பு இது. கண்ணைப் பெட்டிக்குள் போட்டு இருட்டாக மூடுவதுதான் எவனுக்கும் தோன்றும். கண்ணை மூடக் கூடாது என்று கைக்கே பாடம் ஏறிப்போன ஒருத்திதான் அதை மூடியில் ஓட்டை போட்டு வானத்தைப் பார்க்க வைப்பாள். குகைக்குள் அது எல்.இ.டி.யைப் பார்த்தது, நடுங்கியது. ஆளுயர ஜன்னல்களுக்கு நடுவே பகலைப் பார்த்தது. பகல் நடுங்கவில்லை, அதனால் அதுவும் நடுங்கவில்லை.

கணவனிடம் சொன்னபோது அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவ்வளவுதானா? ஒரு துண்டு கறுப்பு டேப்பு. ஒட்டு, முடிஞ்சுது."

மறுநாள் விடியலுக்குப் பிறகு, நல்ல வெளிச்சத்தில், மொட்டைமாடிக்குப் பெட்டியையும் கிடாரையும் சின்ன ஸ்பீக்கரையும் கொண்டுபோனாள். டேப்பைக் கிழித்து வாயில் கவ்விக்கொண்டு, ஒட்டுவதற்கு முன் சோதிக்கக் கம்பியை மீட்டிவிட்டு, செருப்பில்லாத வலது காலை மெல்லக் கண்ணின் மேல் கொண்டுபோனாள். பாதத்தின் நிழல் தொப்பியைத் தொட்டதும் ஒலி லேசாகச் சிலிர்த்தது. நிழல் பாதி விழுந்தபோது பாதி நடுங்கியது. கட்டைவிரல் முழுசாக மூடியபோது ஆழமாக ஏறி இறங்கியது. காலை எடுத்தாள், ஒலி நடுக்கம் தெளிந்து நேரானது. மறுபடி நிழல், மறுபடி சிலிர்ப்பு.

கிழவனுக்கு இது தெரியாது. கடைப் பெட்டிக்கும் தெரியாது. பட்டனிடம் இதற்கொரு பட்டன் கிடையாது.

வாயில் கவ்வியிருந்த டேப்பை எடுத்து உருட்டிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே எறிந்தாள்.

"ஒட்டலையா?" என்றார் கணவன், கடைக்குக் கிளம்பும்போது.

"ஒட்ட மாட்டேன்."

"தப்புன்னு நீயேதானே சொன்னே?"

"தப்புதான். என் தப்பு. இருந்துட்டுப் போகட்டும்."

"நீ பிடிச்ச முயலுக்கு மூணு காலு."

"இல்லைங்க. நாலு காலுதான். ஒரு காலு என்னுது."

விழாவுக்கு மிச்சமிருந்த ஐந்து நாளும் காலையில் மொட்டைமாடியில் பழகினாள். பாட்டின் முதல் பகுதி நேராக, வெயில்போல. நடுப்பகுதியில் நிழல் வந்து வந்து விலகும். கடைசியில் கட்டைவிரல் மூடி, மூச்சு. துணி காயப்போட வந்த நாத்தனார் இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னடி இது, காலடியில பூச்சியை நசுக்குறியா, தடவிக் கொடுக்குறியா? ஒரு முடிவுக்கு வா."

"உங்களுக்குப் பிடிக்குதா அண்ணி, பிடிக்கலையா?"

நாத்தனார் ஈரப் புடவையை இரண்டு தடவை அதிகமாக உதறினாள். "டிக்டிக்குக்கு இது தேவலை" என்றுவிட்டு இறங்கிப் போனாள். அவள் வாயிலிருந்து அதுவே பொன்னாடை.

விழா ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலு மணிக்கு. புதுக் கட்டடத்தின் திறந்த முற்றத்தில், பலகைகள் அடுக்கிய மேடை. தலைக்குமேல் ஒன்றுமில்லை, வானம்தான். மாஸ்டர் டிரம்ஸை முடுக்கிக்கொண்டிருந்தபோது ஏணி அவர் எதிரில் போய் நின்றாள்.

"முதல் பாட்டு என்னுது மாஸ்டர்."

"அதான் பேசி முடிச்சாச்சேம்மா."

"நீங்க பேசுனீங்க. நான் கேட்டுக்கிட்டேன். முடிக்கலை."

"ஒத்திகையில நின்னு போச்சே. இவ்வளவு பேருக்கு முன்னாடி நின்னா என் மானம் போகும்."

"நின்னுச்சுன்னா இன்னையோட குழுவை விட்டுப் போயிடுறேன். தாளத்துக்குக்கூட வர மாட்டேன்."

மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குழுவில் அவள் இல்லாத ஒரு மேடையை அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை போலும். டிரம்ஸ் குச்சியால் பிடரியைச் சொறிந்தார். "பட்டன் கையைக் கட்டை மேலயே வச்சிருப்பான். நீ தடுக்குன இடத்துல அவன் எடுத்துப்பான். அப்புறம் நீ சொன்னது சொன்னதுதான்."

"சரி."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பெட்டியின் கண்ணைத் துணியால் துடைத்தாள். முன்வரிசையில் கணவனும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள்; கணவன் வாயைத் திறக்காமல் இருந்ததிலிருந்தே அவருக்கு எவ்வளவு பயம் என்று தெரிந்தது. பக்கத்தில் பட்டன், பத்து விரலையும் கட்டைகளுக்கு மேல் பருந்துபோல விரித்துக் காத்திருந்தான்.

மாஸ்டர் குச்சியைத் தட்டினார். ஏணி தொடங்கினாள்.

முதல் பகுதி நேராக விரிந்தது. வெயில் கண்ணுக்குள் முழுசாக இறங்கியிருந்தது. மாஸ்டரின் முகம் சுருங்கியது. 'கம்பம்' என்று பட்டன் உதட்டால் சொன்னான். அவள் பார்க்கவில்லை. நடுப்பகுதியின் வாசலில் வலது காலை நகர்த்தினாள். நிழல் தொப்பியைத் தொட்டது. ஒலி சிலிர்த்தது. முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நூல் அறுந்ததுபோல நின்றது. மாஸ்டரின் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. அவர் கை தானாகவே மெத்தென்ற அடிக்கு மாறியது.

அப்போது மேகம் வந்தது.

பெரிய மேகம் ஒன்றும் இல்லை. ஆனால் முற்றம் முழுக்கச் சாம்பல் பூத்தது. காலை எடுத்து ஒலி நேராக நிற்க வேண்டிய இடம் அது; காலை எடுத்தாள், ஒலி நிற்கவில்லை. கேட்காமலே, கொஞ்சமாய், நடுங்கிக்கொண்டே இருந்தது. வானம் தன் காலை வைத்திருந்தது. அடுத்த சுரத்துக்குப் போகாமல் அவள் ஒரு கணம் அதைக் கேட்டாள். அந்த ஒரு கணம் போதும் பட்டனுக்கு. விரல்கள் இறங்கின. கீபோர்டில் முதல் சுரம் கேட்டது.

"கையை எடுடா தம்பி!"

பாடகிக்காக வைத்திருந்த மைக் அவள் முகத்துக்கு நேராக இருந்ததை அவள் யோசிக்கவில்லை. நாலு ஸ்பீக்கரிலும் அந்தக் குரல் முற்றத்தைச் சுற்றி, புதுக் கட்டடத்தின் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கடைசி வரிசையில் காரணமே தெரியாமல் ஒருவர் தன் கையைப் பக்கத்து நாற்காலியிலிருந்து எடுத்தார். பட்டன் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டவன்போல இரண்டு கையையும் மடிக்கு இழுத்துக்கொண்டான். ஜனம் வெடித்துச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. மேகத்தோடு வாசித்தாள். வானம் கொடுத்த நிழலுக்கு மேல் தன் நிழலையும் போட்டாள். நேராக நிற்க வேண்டிய பகுதியைக் கட்டைவிரலால் மூடி ஆழமாக நடுங்கவைத்து, கடைசிப் பகுதிக்கு வந்தாள். அங்கே மூட வேண்டிய கண்ணை மெதுவாகத் திறந்தாள். பாட்டை அப்படியே புரட்டிப் போட்டாள். மாஸ்டருக்கு அது தப்பென்று தெரியும்; ஆனாலும் குச்சி அவளைத் தொடர்ந்தது. கடைசிச் சுரத்தை மீட்டிக் கால் விலக்கியபோது மேகமும் விலகியது. நடுங்கிக்கொண்டிருந்த ஒலி வெயிலில் நிமிர்ந்து, நேராக நின்று, அடங்கியது.

கைதட்டலில் நாத்தனாருடையது தனியாகக் கேட்டது. தையல்காரியின் கை, உரம் ஏறிய கை.

கச்சேரி முடிந்து எல்லோரும் ஒயர் சுற்றும்போது பட்டன் வந்து பெட்டியின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தன் உள்ளங்கையைக் கண்ணின் மேல் வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பார்த்தான். தொப்பி மூச்சுவிட்டது. "அக்கா, நிஜமாவே நல்லா இருக்கு. ஆனா அந்த ஓட்டையை அடைச்சிட்டீங்கன்னா மேகத்துக்குப் பயப்பட வேண்டாமே."

"நான் எங்கப்பா பயந்தேன்? நீதான் கையை எடுத்தே."

மாஸ்டர் சிரித்தபடி அடுத்த கச்சேரியின் பாட்டு வரிசையைத் தாளில் எழுதினார். முதல் வரிக்கு நேரே 'ஏணி' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். "அடுத்தது மண்டபத்துக்குள்ளம்மா. உள்ளே வெயில் இருக்காதே. அது பாட்டுக்கு நடுங்கிக்கிட்டே கிடக்குமே. என்ன செய்வே?"

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "முன்வரிசையில உக்காந்து நான் டார்ச் அடிக்கணும். அதானே?"

"ஆமாங்க. கை ஆடாம அடிக்கணும்."

அவள் கண்ணை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, மூடாமல், பெட்டியைப் பைக்குள் வைத்தாள்.